அரிப்பு நின்ற வருஷம்

“அந்தச் சத்தம் எப்போ நின்னுச்சு?” என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

மாஸ்டரைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியையும் கேட்கவில்லை. கதவோரமாக ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் ஃபாரம் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். பேச வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு திரைச்சீலை. அடுப்படியில் என்ன கருகுகிறது என்று ஆபீஸுக்குத் தெரியும். ஆபீஸில் யார் புளுகுகிறார்கள் என்று அடுப்படிக்குத் தெரியும். சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த அட்டைகளைக் குண்டூசி அடித்து மாட்டியிருந்தார்கள். அதன் கீழே ஓர் இரும்பு மேசை. மேசையின் ஓரத்தில் நான் லைசென்ஸ் ஃபாரம் நிரப்புவேன். நடுவில் மாஸ்டர் உட்கார்ந்து, எதிர் பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பாடம் எடுப்பார்.

மேசைக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு மாஸ்டரின் இரண்டு பாதங்களும் அந்தக் கம்பியில்தான் குடியிருந்தன. “இது நில்.” சர்ரக். “இது நிக்காதே.” சர்ரக், சர்ரக். “இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் வண்டிய விட்டுட்டு நடந்து போகணும்.” சர்ரக், சர்ரக், சர்ரக். மேசை முழுக்கப் பச்சைப் பெயின்ட். அந்தக் கம்பி மட்டும் தேய்ந்து தேய்ந்து புதுக் கரண்டி மாதிரி மின்னும்.

பதினெட்டு வருஷமாக அவருக்கு சோரியாசிஸ். முழங்கை, முழங்கால், இரண்டு பாதம். காலையில் நாற்காலியை நகர்த்தினால் யாரோ அங்கே உட்கார்ந்து தேங்காய் துருவிவிட்டுப் போனது போல இருக்கும். ஆட்கள் வருவதற்கு முன்னால் அவர் மனைவி அதைப் பெருக்கி எடுத்துவிடுவாள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இது யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா பல தடவை சொல்லி, மாஸ்டரும் அதைப் பெஞ்சுக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் பெஞ்சில் அவருக்கு நேர் எதிரே உள்ள இடம் மட்டும் எப்போதும் காலியாகவே இருக்கும்.

அரிப்பு உச்சத்துக்குப் போகும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். இடது கண் தானாக மூடும். வாய் வலது காதுப் பக்கமாக ஏறும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கண்ணடிப்பது போலத் தெரியும். ஒரு பெண் அடுத்த நாள் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தும் கண்ணடித்தார். பிரச்சினை தீர்ந்தது.

வண்டியில் ஏறிவிட்டால் அதே பாதங்களுக்கு வேறு மரியாதை. எங்கள் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கிளட்ச் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. கற்றுக்கொள்பவருக்குப் பயம் வருவதற்கு முன்னாலேயே வண்டி நின்றிருக்கும். “மாஸ்டர் கால் இருக்குற வரைக்கும் நாய்கூடத் தைரியமா ரோட்டுல படுக்கலாம்” என்று ஊரில் சொல்வார்கள்.

“வண்டி என்ன நெனைக்குதுன்னு மொதல்ல உள்ளங்காலுக்குத்தான் தெரியும்” என்பார் மாஸ்டர். “கண்ணுக்கு அப்புறம்தான் தகவல் வரும்.”

அந்தக் கால்களைக் குணமாக்க வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று அக்காவின் பத்தியக் கட்சி. கத்தரிக்காய் கூடாது, மீன் கூடாது, புளி கூடாது, முட்டையில் மஞ்சள் கூடாது. எல்லாம் போக, மாஸ்டரின் தட்டில் சோறு மட்டும் தப்பே செய்யாமல் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி தனியாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று அக்காவுடைய தம்பியின் தைலக் கட்சி. அவர் முதலில் கொசுவலை விற்றார். பிறகு தண்ணீர் வடிகட்டி விற்றார். அதற்குப் பிறகு தானே ஒரு தைலம் காய்ச்ச ஆரம்பித்தார். கறுப்பாக இருக்கும். டயரை வெந்நீரில் ஊறவைத்த வாசம் அடிக்கும்.

“கத்திரிக்காய நிறுத்தினதுல இருந்துதான் செவப்பு கொறஞ்சிருக்கு” என்பாள் அக்கா.

“கத்திரிக்காய் வயித்துக்குள்ள போகுது. வியாதி கால்ல இருக்கு. நடுவுல எவ்வளவு தூரம், யோசிச்சுப் பாரு” என்பார் தம்பி.

“ஒன் எண்ணெய் மட்டும் கால்லயா நிக்குது? பெட்ஷீட்டுலதான் நிக்குது. தொவைக்கிறவளுக்குத்தான் தெரியும்.”

“மாமா, நீங்க சொல்லுங்க.”

“நான் என்ன மாப்ளே சொல்றது” என்பார் மாஸ்டர். “மேல உன் அக்கா, கீழ நீ. நடுவுல நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்.”

டாக்டரம்மா கொடுத்த களிம்புக்குத்தான் கட்சி இல்லை. அது ஜன்னலில் கிடக்கும். மாஸ்டர் ஆள் பார்க்காத நேரத்தில் எடுத்துத் தடவிக்கொள்வார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவிடமும் போய்வருவார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மழை நாட்களிலேயே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்தது எனக்குக் கேட்டது. முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். ஒருநாள் காலை வெயில் அடித்தது. அன்று ‘முந்தாதே’ பாடம். நான் ஒரு ஃபாரத்தில் பிறந்த தேதி எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற கை தானாக நின்றது. ஏன் நின்றது என்று எனக்கே சற்று நேரம் புரியவில்லை. அவ்வளவு அமைதி. மாஸ்டரின் இரண்டு பாதங்களும் கம்பியின் மேல், உலர்த்திய துணி மாதிரி சும்மா கிடந்தன.

மாஸ்டருக்கும் அப்போதுதான் தெரிந்தது. “அரிக்கல” என்றார், பெஞ்சைப் பார்த்து.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள், கையில் கரண்டியோடு. “என்னது?”

“அரிக்கலடி. ரெண்டு மூணு நாளாவே இல்ல போல இருக்கு. காலே இல்லாத மாதிரி அவ்வளவு சொகமா இருக்கு.”

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அக்கா கரண்டியோடு அழுதாள். மாலையில் தம்பி வந்ததும் வெற்றி யாருடையது என்று சண்டை ஆரம்பித்தது. சொறியாததால் பாதங்களில் புண் ஆறி, பார்க்கவும் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தன. தம்பி ஒரு ஃபோட்டோகிராஃபரைக் கூட்டிவந்தார். வெள்ளைத் துண்டின் மேல் பாதங்களை வைத்து, பின்னால் ஒரு பூந்தொட்டியை வைத்துப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் சிரிங்க சார்” என்றார் ஃபோட்டோகிராஃபர், பழக்கத்தில். மாஸ்டர் சிரித்தார். படத்தில் பாதம் மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் தைலப் புட்டியில் லேபிள் வந்துவிட்டது: ‘பதினெட்டு வருட அரிப்பு, பதினெட்டே நாளில்!’

“ஒம்பது வருசமா நான் கத்திரிக்காயக் கண்ணுல காட்டாம வெச்சிருந்தேன். அதப் போடலையேடா லேபிள்ல” என்றாள் அக்கா.

டாக்டரம்மாவிடம் போவது நின்றது. “கால் நல்லாயிடுச்சு. நல்ல காலக் காட்டவா டாக்டர் கிட்ட போவாங்க?” என்றார் மாஸ்டர். களிம்பு ஜன்னலிலேயே காய்ந்தது.

அதே சமயத்தில்தான் டிரைவிங் ஸ்கூலுக்கும் ஒரு பேர் வந்தது. மாஸ்டர் இப்போதெல்லாம் பிரேக் போடுவதில்லை. போட்டாலும் தாமதமாகப் போட்டார். ஒருவர் பால் வண்டியை உரசினார். ஒருவர் எங்கள் கேட்டையே இடித்தார். மாஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவர் நிறுத்தமாட்டார் என்று தெரிந்ததும், கற்றுக்கொள்ள வந்தவர்கள் உயிருக்குப் பயந்து தாங்களே பிரேக் போடக் கற்றுக்கொண்டார்கள். அந்த மாதம் ஒன்பது பேர் டெஸ்ட்டுக்குப் போனார்கள், எட்டுப் பேர் பாஸ்.

“புது மெத்தட்” என்றார் மாஸ்டர். “கொழந்தையக் கைய விட்டாத்தான நடக்கும்?” அவரும் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஃபெயிலான ஒருத்தி தையல்காரம்மா. அது அவளுக்கு நாலாவது தடவை. முப்பது வருஷம் மெஷின் மிதித்த கால். பெடல் என்று எதைக் கண்டாலும் குதிகாலும் விரலுமாக மாற்றி மாற்றி மிதிக்கும். அவள் ஓட்டினால் வண்டி விக்கல் எடுத்துக்கொண்டே போகும்.

“தைக்காதீங்கம்மா, ஓட்டுங்க!” என்று மாஸ்டர் கத்துவார்.

“நான் எங்க மாஸ்டர் தைக்கிறேன்? இது தானா தைக்குது.”

ஒருநாள் காலையில் மாஸ்டர் நடக்கும்போது சிமென்ட் தரையில் டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. புதுச் செருப்புக்கு ஆணி அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பாடம் எடுக்க உட்கார்ந்தார், பாதங்களைக் கம்பியில் வைத்தார். என் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். அவர் வலது குதிகாலில் ஒரு குண்டூசி, தலை வரைக்கும் இறங்கியிருந்தது. அட்டைக்கு அடிக்கிற சிவப்புத் தலைக் குண்டூசி. அன்று அவர் செருப்பே போடாமல்தான் நடந்திருக்கிறார், அப்போது ஏறியிருக்கும்.

அவர் காலைப் பார்க்கக் கூடாது என்பது அந்த ஆபீஸில் எழுதாத சட்டம். அதைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பெரிய குற்றம். நான் மேசைக்கடியில் மண்டியிட்டுக்கொண்டு யோசித்தேன். மேலே மாஸ்டர் “இது வளைவு. இது அபாயமான வளைவு” என்றார். இரண்டு விரலால் பிடித்து ஊசியை இழுத்தேன். வந்துவிட்டது. ஒரு பொட்டு ரத்தமும் வந்தது. மேலே குரல் ஒரு எழுத்துகூடத் தடுமாறவில்லை. “இது குறுகிய பாலம்” என்றார்.

ஊசியைப் பென்சில் டப்பாவில் வைத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். காலையில் அக்கா டீ கொண்டுவந்து வைத்து, “கால் நல்லானதுல இருந்து மனுசன் மூஞ்சியே தெளிஞ்சிருச்சுல்ல?” என்பாள். நான் தலையை ஆட்டிவிடுவேன். வாக்கியம் டீயோடு உள்ளே போய்விடும்.

தையல்காரம்மாவின் ஐந்தாவது டெஸ்ட்டுக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு நானும் காரின் பின்சீட்டில் போனேன். சந்தைத் தெரு. நாற்காலிக் கடைக்காரர் நடைபாதையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, அதில் ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வண்டி விக்கிக்கொண்டே அவரை நோக்கித் திரும்பியது.

“மாஸ்டர், பிரேக்கு!”

“போட்டுட்டேன்மா!”

“போடல மாஸ்டர்!”

“அமுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்! நீங்க ஆக்சிலேட்டர விடுங்க!”

“விட்டுட்டேன்! விட்டுட்டு மிதிக்கிறேன்!”

தையல்காரம்மா அந்த நேரத்தில் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து மாஸ்டரின் காலைப் பார்த்தாள். “ஐயோ, உங்க செருப்பு பிரேக்குக்கு அடியில கெடக்கு மாஸ்டர்! நீங்க தரைய மிதிச்சிட்டிருக்கீங்க!”

கடைக்காரர் செய்தித்தாளோடு எழுந்து ஓடினார். வண்டி நடந்து போகிற வேகத்தில் போய் நாற்காலிகளை முட்டியது. அவை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எங்கள் கூரைமேல் வந்து உட்கார்ந்தன. யாருக்கும் அடியில்லை. கடைசி நாற்காலி விழுந்த பிறகும் மாஸ்டர் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தார். அவர் குனிந்து, தன் வெறும் காலையும் பிரேக்கையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூவரும் ஆபீஸுக்குத் திரும்பி வந்தோம். தம்பியும் தைலப் புட்டிகளோடு அங்கே இருந்தார். தையல்காரம்மா பெஞ்சில் அந்தக் காலி இடத்தில், மாஸ்டருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“செருப்பு கழண்டுக்கிச்சு. அவ்வளவுதான். யாருக்கும் கழலாதா?” என்றார் மாஸ்டர்.

“கழலும். எனக்கும் கழலும். கழண்டா எனக்குத் தெரியும்” என்றாள் தையல்காரம்மா. “நான் முப்பது வருசமா காலாலதான் சோறு திங்கிறேன். காலப் பத்தி எங்கிட்ட கத விடாதீங்க. ஊசி எங்க எறங்குதுன்னு கண்ணு பாக்குது, ஆனா எப்ப நிறுத்தணும்னு கால்தான் சொல்லும். உங்க கால் ஒண்ணும் சொல்லல மாஸ்டர். ரெண்டு மாசமா பாக்குறேன். கதவத் தட்டினா உள்ள யாருமே இல்ல.”

“அது ஒண்ணுமில்ல” என்றார் தம்பி. “தைலம் அடி ஆழத்துல வேலை செய்யறப்ப அப்படித்தான் கொஞ்சம் மரத்தாப்புல…”

“நீ வாய மூடுறா” என்றாள் அக்கா. “என்னங்க, நெசமாவா? கால் தெரியலையா?”

“தெரியுதுடி. எல்லாம் தெரியுது. அரிப்பு போனதால லேசா இருக்கு. இந்தம்மா வண்டிய இடிச்சிட்டு எங்கால் மேல பழி போடுது.”

“சரி, நான்தான் இடிச்சேன்” என்றாள் தையல்காரம்மா. “சாயங்காலம் ஸ்கூல் விட்ட பிள்ளைங்க அந்தத் தெருவுல நிக்கும். நாளைக்கு யாரு இடிக்கப் போறாங்க?”

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எனக்கு மறந்துபோனது. நான் பென்சில் டப்பாவைத் திறந்து, குண்டூசியை எடுத்து, மேசையின் நடுவில் வைத்தேன்.

“இது என்னது?” என்றாள் அக்கா.

“மாஸ்டர் கால்ல இருந்துச்சுக்கா” என்றேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது. “முழுசா. நான்தான் எடுத்தேன். அவருக்குத் தெரியாது.”

மாஸ்டர் அந்த ஊசியைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் குனிந்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எல்லார் முன்னாலும் தன் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, குதிகாலைப் புரட்டிப் பார்த்தார்.

“எந்தக் கால்?” என்று என்னைக் கேட்டார்.

அடுத்த நாள்தான் டாக்டரம்மாவிடம் போனது. ஃபாரம் எழுத நானும் போனேன். மாஸ்டரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, “பஞ்சால தொடுவேன். தொடும்போதெல்லாம் ‘ஆமா’ சொல்லணும்” என்றார் டாக்டரம்மா.

“ஆமா” என்றார் மாஸ்டர். சற்றுப் பொறுத்து, “ஆமா.” இன்னும் சற்றுப் பொறுத்து, ஒரு கணக்கோடு, “ஆமா.”

“நான் இன்னும் பஞ்சே எடுக்கல” என்றார் டாக்டரம்மா.

“எடுக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுது டாக்டர்.”

அதிரும் ஒரு கம்பியைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தார். வலது காலில் கணுக்கால் வரைக்கும், இடது காலில் பாதம் வரைக்கும் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா கேட்டார். ரெண்டு மாசம் என்றார் மாஸ்டர். ஒரு வருஷம் என்றாள் அக்கா. “முன்னெல்லாம் மேசைக் கம்பியில தேச்சுக்கிட்டே இருப்பாரு டாக்டர், வீடு பூரா அந்தச் சத்தம்தான்” என்றாள். “அது நின்னது தை மாசமா, அதுக்கு முன்னாலயா…” இருவரும் அங்கேயே சண்டை போட்டார்கள். அப்போதுதான் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று கேட்டார்.

“பத்து மாசம் ஆச்சு” என்றேன். “மழை விட்ட மறுநாள். வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். மொதல்ல வலது கால், அப்புறம் இடது.”

மூலையில் சாத்திவைத்த குடை திடீரென்று பேசியது போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“பதினொரு மணியா!” என்றார் டாக்டரம்மா. “எப்படிம்மா இவ்வளவு சரியா சொல்றே?”

“அன்னைக்கு வேற வேலை இல்ல” என்றேன். இதையெல்லாம் தேதி போட்டு நான் எழுதிவைக்கும், வீட்டில் துணிப்பெட்டிக்கடியில் இருக்கும் நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிறகு மாஸ்டரைப் பார்த்துப் பேசினார். “இது தோல்ல தெரியிற வியாதி. தோலோட நிக்கிற வியாதி இல்ல. உள்ள இருக்குற சூடு மூட்டுக்குப் போகும், சில பேருக்கு நரம்புக்கும் தொந்தரவு வரும். சர்க்கரை, சத்துக் கொறைவு, வேற காரணமும் இருக்கலாம். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பாப்போம். ஆனா அரிப்பு போனது வியாதி போனதால இல்ல. அரிப்பக் கொண்டுபோய்ச் சொல்ற நரம்பு படுத்துடுச்சு. நீங்க எல்லாரும் சேர்ந்து கைதட்டியிருக்கீங்க.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “திரும்ப வருமா டாக்டர்?”

“கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. வந்தா குறுகுறுன்னு வரும், எரியும், அரிக்கும்.”

“அப்போ அரிக்கணும்னு வேண்டிக்கவா?”

“தாராளமா.”

“வண்டி?” என்றார் மாஸ்டர்.

“நான் சொல்ற வரைக்கும் பெடல் பக்கமே கால் போகக் கூடாது. செருப்பில்லாம நடக்கவும் கூடாது.”

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பெரிய ஆஸ்பத்திரியில் காலில் ஒயர் ஒட்டிக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மாத்திரை வந்தது, புதுக் களிம்பு வந்தது. தினமும் காலையில் அக்கா கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் உள்ளங்காலைச் சோதித்தாள். “வலது டயர் சரி. இடது டயர், ஓரத்துல ஒரு வெடிப்பு. அரிக்குதா?”

“இல்ல.”

“கொஞ்சமாச்சும்?”

“இல்லடி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

கத்தரிக்காய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. தம்பி லேபிள்களை ஊறவைத்துக் கிழித்தார். தைலத்தில் கொஞ்சம் எங்கள் கேட்டின் கீலுக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து வருஷமாகக் கிறீச்சிட்ட கேட் வாயைத் திறக்கவில்லை. அது தெரிந்ததும் தம்பி புது லேபிள் அடித்தார்.

அக்காவிடம் பழைய லைசென்ஸ் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் மாஸ்டரே வாங்கிக்கொடுத்தது. மாஸ்டரின் சீட்டில் இப்போது அவள் உட்கார்ந்தாள். அவள் கால் பிரேக்கை விட்டு எழுந்ததே இல்லை. “அக்கா, வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகல” என்று ஆட்கள் அலறுவார்கள். மாஸ்டர் உள்ளே குறிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார். வெளியே கார் கிளம்பும்போது பேச்சை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். “கிளட்ச்ச இப்ப விடணும்” என்பார், சுவரிடம்.

மூன்றாவது மாதம் ஒருநாள் திடீரென்று சர்ரக், சர்ரக் என்று சத்தம் வந்தது. அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாஸ்டர் கம்பியில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “வந்துருச்சுடி! பயங்கரமா அரிக்குது! சாவியக் கொடு.”

அக்கா அவர் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். “மூஞ்சி எங்க?”

“என்ன மூஞ்சி?”

“அரிக்கிற மனுசன் மூஞ்சி இப்படி ஃபோட்டோவுக்கு உக்காந்த மாப்பிள்ளை மாதிரியா இருக்கும்? பதினெட்டு வருசம் பாத்தவகிட்டயே வேஷமா?”

தேய்ப்பது நின்றது. “வேற என்னடி பண்ணச் சொல்றே” என்றார் மாஸ்டர். குரல் இறங்கியிருந்தது. “எல்லாரும் போறாங்க வர்றாங்க. நான் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

அக்கா அவர் பக்கத்தில், கீழே உட்கார்ந்தாள். அவர் பாதத்தை எடுத்துப் பார்த்தாள். தேய்த்த இடத்தில் ரத்தம் வந்திருந்தது. துடைத்தாள். அன்று அடுப்பில் கருகியதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்துத்தான் தையல்காரம்மாவுக்கு ஆறாவது டெஸ்ட். நல்ல வெயில். அக்கா பக்கத்தில் உட்கார, வண்டி வாசலில் விக்கிக்கொண்டிருந்தது. ஆபீஸில் மாஸ்டரும் நானும் மட்டும். அவர் டெஸ்ட்டுக்கான தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்த ஃபாரத்தை எடுத்தேன்.

சர்ரக்.

ஒரே ஒரு தடவை. மெதுவாக. நான் நிமிரவில்லை, அவர் மறுபடியும் நடிக்கிறார் என்று நினைத்து, பார்க்க வெட்கமாக இருந்தது. சர்ரக், சர்ரக். பேனா தாளில் உருண்டு விழுந்தது. அப்போது பார்த்தேன்.

அவர் இடது கண் மூடியிருந்தது. வாய் வலது காதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. அது தனக்கு வந்திருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் என்ன பார்க்கிறேன் என்று என் முகத்தில் தேடினார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

மாஸ்டர் எழுந்தார். செருப்பு மேசைக்கடியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு வாசலுக்குப் போய், வெயிலில் சூடேறிக் கிடந்த சரளைக்கல்லில் இறங்கினார். வலது கால் ஒன்றும் தெரியாதது போல நிதானமாக ஊன்றியது. இடது கால் பட்டதும் துள்ளியது. மறுபடி வலது நிதானம், இடது துள்ளல்.

“என்னங்க! செருப்பு! எங்க போறீங்க?” என்று அக்கா வண்டிக்குள்ளிருந்து கத்தினாள். தையல்காரம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அவர் கால்களையே பார்த்தாள்.

அவர் வண்டியைத் தாண்டி, தைலம் போட்ட கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, தையல்காரம்மா ஓட்டுகிற கார் மாதிரி விக்கி விக்கி, டாக்டரம்மா இருக்கும் தெருப் பக்கமாகத் திரும்பிப் போனார்.